சமூக ஓட்டம்: வெயிலோ புகையோ மின்னலோ வந்தால் 'நிறுத்து' என்று சொல்வது யார்?

பெயர் கொடுத்து ஒரு மாதம் ஆகிவிட்டது. டீ-சட்டை வந்தாச்சு. எண் அட்டையும் அதைக் குத்த நான்கு ஊசியும் பையில் தயார். சனிக்கிழமை இரவு ஜன்னலைத் திறக்கிறீர்கள். எங்கோ எதுவோ எரிகிற வாடை. உடனே நண்பர்கள் குழுவில் ஒரே கேள்வி: "நாளைக்கு ஓட்டம் இருக்கா, இல்லையா?"

ஏற்பாட்டாளர்களின் பக்கத்தைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வரிதான் இருக்கும். நிலைமையைக் கண்காணித்து வருகிறார்களாம்.

எதைக் கண்காணிக்கிறார்கள்? எந்த எண்ணைத் தொட்டால் ஓட்டம் ரத்து? அந்த முடிவை எடுப்பது யார்? இதை அவர்கள் சொல்வதும் குறைவு, நாம் கேட்பதும் குறைவு. ஆனால் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்கு அது சமம். அதே ஆண்டு அக்டோபரில் புகைமூட்டம் வந்து காற்றின் தரம் ஆரோக்கியமற்ற நிலைக்குப் போனது. நாம் ஓடுவதோ ஆண்டு முழுவதும்.

பெரிய நெட்டோட்டங்களுக்கு மருத்துவக் குழு இருக்கும், வானிலை ஆலோசனை இருக்கும், பின்னால் ஒரு வங்கியோ காப்புறுதி நிறுவனமோ இருக்கும். சமூக மன்றமோ கோயிலோ பழைய மாணவர் சங்கமோ நடத்தும் 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழுவும் சில டஜன் தொண்டூழியர்களும்தான். இந்தக் கட்டுரை முக்கியமாக அந்த ஓட்டங்களைப் பற்றியது.

அதிகாலையில் ஓடினால் பிரச்சினை இல்லைதானே?

பாதி உண்மை.

வெயில் ஏறும் முன் ஓடி முடித்துவிட வேண்டும் என்பதுதான் நம் ஊரில் எழுதப்படாத விதி. அதனால்தான் ஊரே தூங்கும்போது துவக்க மணி அடிக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் மிக அதிகமாக இருப்பது எப்போது தெரியுமா? சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான். அப்போது 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும். மழை இல்லாத நாளில் பிற்பகலில் அதுவே 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும்.

ஓடும்போது உடம்பைக் குளிரவைப்பது வியர்வை இல்லை, வியர்வை காய்வது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வை காயாமல் வழிந்து ஓடும். சட்டை நனையும், உடம்பு குளிராது.

இதை எண்ணில் பார்க்கலாம். வெப்பமானியின் குமிழில் ஈரத் துணியைச் சுற்றி அளந்தால், வியர்வை காய்வதால் எவ்வளவு குளிர்ச்சி கிடைக்கும் என்று தெரியும். இதை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அதிகாலையில் 26 டிகிரி, 90 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஈரக்குமிழ் அளவு 25 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பிற்பகலில் 33 டிகிரி, 60 விழுக்காடு என்றால் 27க்குச் சற்றுக் குறைவு. சாதாரண வெப்பமானியில் 7 டிகிரி வித்தியாசம், ஈரக்குமிழில் வெறும் 2 டிகிரி! அதிகாலை தரும் பெரிய நன்மை நேரடி வெயில் இல்லாததுதான். அது சின்ன நன்மை இல்லை. ஆனால் "காலையில ஜில்லுன்னு இருக்கு, வேகமா ஓடலாம்" என்று நினைப்பது ஏமாற்றம்.

இரவு மட்டும் என்னவாம்? 2019இல் டோஹாவில் நடந்த உலகத் திடல்தடப் போட்டியில் மகளிர் நெட்டோட்டத்தை நள்ளிரவுக்கு மாற்றினார்கள். அப்போதும் வெப்பம் 32 டிகிரி வாக்கில், ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல். 68 பேர் புறப்பட்டார்கள், 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. அவர்கள் உலகின் தலைசிறந்த ஓட்டக்காரர்கள். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி சிங்கப்பூர் நெட்டோட்டத்தையும் மாலை 6 மணிக்குத் தொடங்கிப் பார்த்தார்கள். பிறகு அது மறுபடியும் அதிகாலைக்கே திரும்பிவிட்டது.

31, 33: இந்த எண்கள் எதைச் சொல்கின்றன?

2023 ஜூலையில் சிங்கப்பூரில் வெப்ப அழுத்த ஆலோசனை முறை வந்தது. அது சாதாரண வெப்பநிலையைப் பார்ப்பதில்லை. டபிள்யூபிஜிடி என்ற கூட்டு அளவைப் பார்க்கிறது. அதில் ஈரக்குமிழுக்கு 70 விழுக்காடு, வெயிலின் கதிர்வீச்சை உள்வாங்கும் கறுப்புக் கோளத்துக்கு 20 விழுக்காடு, நமக்குத் தெரிந்த சாதாரண வெப்பநிலைக்கு வெறும் 10 விழுக்காடு. கைப்பேசியில் "இன்று 32 டிகிரி" என்று பார்த்து முடிவெடுப்பவர்கள் இதை ஒரு முறை யோசிக்க வேண்டும்.

31க்குக் கீழே இருந்தால் குறைவான வெப்ப அழுத்தம். 31 முதல் 33 வரை மிதமான அழுத்தம். 33ஐத் தொட்டால் அதிகம். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் உங்கள் வட்டாரத்துக்கு அருகில் உள்ள நிலையத்தின் அளவைப் பார்க்கலாம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். அந்த எண்கள் பொதுமக்கள் அனைவருக்குமானவை. பூங்காவில் நடப்பவர், கட்டுமானத் தளத்தில் இருப்பவர், பிள்ளையைத் திடலுக்கு அழைத்துப் போகிறவர் எல்லாரும் அதில் அடக்கம். மார்பில் எண்ணைக் குத்திக்கொண்டு தன் சொந்தச் சாதனையை முறியடிக்கப் பாய்கிறவருக்கு 'குறைவு' என்ற பச்சை நிறம் முழு அனுமதிச் சீட்டு ஆகிவிடாது. அமெரிக்க விளையாட்டு மருத்துவ வழிகாட்டிகளில் சாலை ஓட்டத்துக்கு 28 தாண்டினாலே கறுப்புக் கொடி, மிக அதிக ஆபத்து என்று எழுதியிருந்த காலம் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வெயில் ஏறிய பிறகு எந்த ஓட்டமும் நடக்காது. நம் உடம்பு இந்த வெப்பத்துக்குப் பழகியது என்பதும் உண்மை. ஆக, இரண்டு எண்களில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வோர் ஓட்டமும் தன் தூரம், நேரம், நிழல், பங்கேற்பாளர்களின் வயது எல்லாவற்றையும் பார்த்துத் தனக்கென்று ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பத்துக்குப் பழகியது என்றேன் இல்லையா? அதிலும் ஒரு விதிவிலக்கு. மெல்பர்னிலோ லண்டனிலோ படித்துவிட்டு விடுமுறைக்கு வந்திறங்கியவர்கள், உங்களுக்குத்தான். உடம்பு மறுபடி பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வேண்டும். வந்த மூன்றாம் நாளே 10 கிலோமீட்டருக்கு நிற்காதீர்கள்.

புகைமூட்டம்: எந்த எண்ணைப் பார்ப்பது?

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். செய்திகளில் வரும் பிஎஸ்ஐ குறியீடு 24 மணி நேரச் சராசரி. நாளைக்கு வெளியே போகலாமா என்று திட்டமிட அது உதவும். இப்போதே, இந்த நிமிடம் ஓடலாமா என்றால் பார்க்க வேண்டியது ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவு. அது 55 வரை வழக்கமான நிலை. 56 முதல் 150 வரை உயர்ந்த நிலை. அதற்கு மேல் அதிகம், மிக அதிகம் என்று போகும்.

சனிக்கிழமை முழுக்கக் காற்று நன்றாக இருந்து நள்ளிரவில் புகை வந்தால், ஞாயிறு காலை 5 மணிக்கு 24 மணி நேரச் சராசரி இன்னும் சாதுவாகத்தான் இருக்கும். மூக்கு சொல்வதை எண் சொல்லாது.

பிஎஸ்ஐ 101 முதல் 200 வரை இருந்தால், ஆரோக்கியமானவர்களும் நீண்டநேரக் கடும் உடற்பயிற்சியை வெளியே குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது சுகாதார ஆலோசனை. 200 தாண்டினால் தவிர்க்க வேண்டும். ஓடுகிறவர் ஏன் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும் என்றால், ஓய்வில் இருப்பதைவிடப் பல மடங்கு காற்றை வாய்வழியாக இழுக்கிறார். மூக்கின் வடிகட்டி அங்கே வேலை செய்வதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 'குறைத்துக்கொள்ளுங்கள்' என்பதே போதாது.

புகையில் ஒரு வசதி, அது திடீரென்று வந்து திடீரென்று போவது குறைவு. ஓரிரு நாள் முன்பே யோசிக்கலாம். கோலாலம்பூரில் அப்படித்தான் செய்தார்கள். 2013 ஜூன் 30 நடக்கவிருந்த கோலாலம்பூர் நெட்டோட்டத்தைப் புகையின் காரணமாக செப்டம்பர் 29க்குத் தள்ளிவைத்தார்கள். 2015 அக்டோபர் 4ஆம் தேதி ஓட்டத்தை ரத்தே செய்தார்கள். பல்லாயிரம் பேருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் பெரிய ஓட்டம் என்பதால் தாங்கிக்கொண்டது.

மின்னல் அப்படி இல்லை

மின்னல் பெயர் கேட்டு வருவதில்லை. உலகிலேயே மின்னல் மிகுந்த இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. ஆண்டில் சராசரியாக 168 நாள் இங்கே இடி முழங்குகிறது. இதில் அதிகாலை ஓட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது 'சுமத்ரா' பலத்த காற்று. இரவில் சுமத்ராத் தீவிலும் மலாக்கா நீரிணையிலும் வரிசையாகத் திரளும் இடிமேகங்கள், ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நம்மை வந்து அடைவது பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும்தான். வெயிலுக்குப் பயந்து அதிகாலைக்குப் போனால் அங்கே சுமத்ரா காத்திருக்கிறது!

இடி கேட்டால் ஓட்டத்தை நிறுத்த வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே நிறுத்துவது? பாதையில் 800 பேர் சிதறி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மரத்தடி கூடாது. துவக்கக் கோட்டில் போட்ட கூடாரமும் கூடாது, அதன் இரும்புக் கால்களே ஆபத்து. கட்டடம் வேண்டும். அதனால் வீவக புளோக்குகளை ஒட்டி ஓடும் பாதையில் கீழ்த்தளம் கைகொடுக்கும். கடற்கரைப் பூங்காவிலோ நீர்த்தேக்கக் கரையிலோ? எந்தத் தொண்டூழியர் யாரை எந்தக் கட்டடத்துக்கு அழைத்துப் போவது என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தால்தான் உண்டு.

அப்புறம் நேரக் கணக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்பது பரவலான விதி. நடுவில் இன்னோர் இடி கேட்டால் கடிகாரம் மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து. ஆனால் சாலையை மூடக் கொடுத்த அனுமதிக்கு முடிவு நேரம் உண்டு. பேருந்துகள் திரும்ப வர வேண்டும், வட்டாரத்து மக்கள் சந்தைக்குப் போக வேண்டும். இரண்டு முறை காத்திருந்தாலே 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சாலை மிஞ்சாது. 'கொஞ்சம் தள்ளிவைக்கலாம்' என்று சொல்வது எளிது. சாலை ஓட்டத்தில் தள்ளிவைக்க இடமே இருப்பதில்லை.

ரத்து செய்ய ஏன் இவ்வளவு தயக்கம்?

பணம். வேறென்ன?

ஓட்டம் நடக்கும் நாளுக்குள் கிட்டத்தட்ட எல்லாச் செலவும் முடிந்துவிடுகிறது. சட்டை அடித்தாச்சு. பதக்கத்தில் தேதியைப் பொறித்தாச்சு. நேரக் கணிப்புச் சில்லு, கூடாரம், தடுப்பு, மருத்துவ வண்டி எல்லாவற்றுக்கும் முன்பணம் போயாச்சு. ரத்து செய்தால் திரும்பி வருவது ஒன்றும் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான்: பதிவுப் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கட்டணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கும், நாம் படிக்காமலே டிக் போட்டிருப்போம்.

பணம் மட்டும் இல்லை. சிறப்பு விருந்தினர் வருகிறார். தொண்டூழியர்கள் மூன்று மாதமாக உழைத்திருக்கிறார்கள். நன்கொடை திரட்டும் ஓட்டம் என்றால் கூடுதல் சங்கடம். 5 மணிக்குக் கூட்டம் கூடிவிட்ட பிறகு, ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும்போது, ஒருவர் எழுந்து "வேண்டாம், நிறுத்துவோம்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த நேரத்தில் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பதே தவறு என்பது என் கருத்து. முடிவை எண்ணிடம் விட்டுவிட வேண்டும். அந்த எண்ணை யாரும் பதற்றப்படாத ஒரு நாளில், மாதங்களுக்கு முன்பே, எழுதி வெளியிட்டிருக்க வேண்டும்.

சீனாவின் கான்சு மாநிலத்தில் 2021 மே மாதம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பாய்யின் நகரில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். உள்ளூர் அரசு முன்னின்று நடத்தியது. பலத்த காற்று வரும் என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. ஓட்டம் தொடங்கியது. மலையேறியவர்கள் மேல் ஆலங்கட்டி, உறைமழை, சூறைக்காற்று. 172 பேரில் 21 பேர் குளிரில் மாண்டார்கள். நம் ஊரில் உறைந்து போக மாட்டோம்தான். ஆனால் எச்சரிக்கை கையில் இருந்தும் துவக்க மணி அடித்த கதை குளிர்நாட்டுக்கு மட்டும் சொந்தம் இல்லை.

கட்டணம் இல்லாத ஓட்டத்தைப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் வேறு சில பூங்காக்களிலும் சனிக்கிழமை காலை 7.30க்கு நடக்கும் பார்க்ரன் 5 கிலோமீட்டர். இலவசம், முழுக்கத் தொண்டூழியர்கள். பதக்கம் இல்லை, சட்டை இல்லை, சாலை மூடல் இல்லை. மழையும் இடியும் வந்தால் ஒரு பதிவு போட்டு ரத்து செய்துவிடலாம், அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். இழப்பதற்கு எதுவும் இல்லாதபோது 'வேண்டாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபம்!

சரி, நடத்தியே ஆக வேண்டும் என்றால்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மத் என்ற கடலோர ஊர். 1973 முதல் ஒவ்வோர் ஆண்டும், ஆகஸ்ட் மாத வெக்கையில், 7 மைல், அதாவது 11 கிலோமீட்டர் சொச்சம் ஓடுகிறார்கள். ஒரு மதுக்கூடத்தில் தொடங்கி இன்னொரு மதுக்கூடத்தில் முடியும் ஓட்டமாகப் பிறந்தது. தூரம் குறைவு, எனவே வேகம் அதிகம், வெயில் கடுமை. வெப்பத் தாக்குக்கு இதைவிடப் பொருத்தமான கலவை கிடைக்காது. ஆண்டுதோறும் சரிகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். 18 ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது 274 பேருக்கு வெப்பத் தாக்கு ஏற்பட்டது தெரிந்தது. இறந்தவர்கள்? ஒருவர்கூட இல்லை.

ரகசியம் பெரிய இயந்திரம் இல்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டிகள். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை குழம்பத் தொடங்கியவரை அங்கேயே, அப்போதே, தொட்டியில் இறக்கிக் குளிர்விக்கிறார்கள். அரை மணி நேரத்துக்குள் வெப்பத்தை இறக்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிக மிக அதிகம். முதலில் குளிர்விப்பு, அப்புறம்தான் மருத்துவமனை. நெற்றியில் காட்டும் வெப்பமானியை இங்கே நம்பக் கூடாது. வியர்த்த தோல் குளிர்ந்திருக்கும், உள்ளே உறுப்புகள் கொதித்துக்கொண்டிருக்கும்.

இதில் நமக்குள்ள பாடம் தூரம் பற்றியது. நெட்டோட்டம்தான் ஆபத்து, 5 கிலோமீட்டர் விளையாட்டு என்று நினைக்கிறோம். வெப்பத் தாக்கைப் பொறுத்தவரை வேகமும் ஒரு விறகு. 42 கிலோமீட்டரில் உடம்பு தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். 10 கிலோமீட்டரில் கடைசிக் கிலோமீட்டரைப் பல்லைக் கடித்துக்கொண்டு பாய்வது நம் வழக்கம், அதுவும் இருபது வயதில். வட்டார ஓட்டங்கள் பெரும்பாலும் இந்தத் தூரங்களில்தான். ஒரு பெரிய தொட்டி, சில மூட்டை ஐஸ், அதைப் பயன்படுத்தத் தெரிந்த மருத்துவப் பணியாளர். எல்லாருக்கும் பதக்கம் அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது கட்டுப்படியாகாத செலவு என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திய அனுபவமும் உண்டு. 2007 அக்டோபர் 7ஆம் தேதி சிக்காகோ நெட்டோட்டத்தில் 35,000க்கும் மேற்பட்டோர் புறப்பட்டார்கள். எதிர்பாராத வெயில். மூன்றரை மணி நேரத்தில் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நிறக் கொடிகள் உண்டு. கொடியைப் பார்த்தால் நடந்துபோவதா நின்றுவிடுவதா என்று ஓடுகிறவருக்கே தெரியும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஓட்டத்துக்கு முன் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லாத இரவு: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் ஓடாதீர்கள். சட்டை போகாது, பதக்கம் அடுத்த முறை கிடைக்கும். ஓடும்போது தலை கிறுகிறுத்தால் நில்லுங்கள். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது களைப்பு இல்லை. "ஓகே, ஓகே, விடுங்க" என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். நிழலுக்கு இழுத்து, தண்ணீரை ஊற்றி, விசிறி, தொண்டூழியரைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால் 995. இன்னொன்று: வெயில் என்பதற்காக ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வயிறு முட்டக் குடிப்பதும் நல்லதல்ல. ரத்தத்தில் உப்பு நீர்த்துப் போனால் அதுவும் ஆபத்து. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அடுத்த முறை பெயர் கொடுக்கும் முன் படிவத்தின் அடிப்பகுதியைப் படித்துப் பாருங்கள். ரத்து செய்யும் அளவுகள் எண்ணாக எழுதப்பட்டுள்ளனவா? அந்த முடிவை எடுப்பவரின் பொறுப்பு என்னவென்று போட்டிருக்கிறதா? ரத்தானால் பதிவை அடுத்த ஆண்டுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா? 2012இல் பாஸ்டன் நெட்டோட்டத்தன்று கடும் வெயில் என்று தெரிந்ததும், இந்த ஆண்டு வர வேண்டாம், அடுத்த ஆண்டு ஓடிக்கொள்ளுங்கள் என்று ஏற்பாட்டாளர்களே வழி செய்து கொடுத்தார்கள். இங்கேயும் ஏன் கூடாது? எண் அட்டை வாங்கப் போகும்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தொண்டூழியரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். கோபப்பட வேண்டாம், அவரும் ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தை விட்டு வந்தவர்தான். மேலே யாரிடம் கேட்பது என்று மட்டும் விசாரித்து வையுங்கள்.